கன்னிமூலைச் சுவர்

தாணுமாலயன் ஒரே மூச்சில் மூன்று காரியம் சொல்லிவிட்டுப் போனார். “தண்ணி விழுந்தா மோட்டார ஆஃப் பண்ணிரு நீலா. சிஸ்டருக்கு இன்னைக்கே ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிரு, அவங்களும் வேற ஆளு பாக்கணும்லா? ஜன்னல மட்டும் தொறந்திராத, காத்து ஆகாது கேட்டியா?” ஒரே மூச்சில், நடுவில் ஓரிடத்தில்கூட நிற்காமல், செருப்பை மாட்டிக்கொண்டே. மூச்சு இருக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரிவதில்லை. குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறவர்களைப் போல் செலவழிக்கிறார்கள். நீலாவதி கட்டிலில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவதற்கு மூச்சு வேண்டாம். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முழுக்கக் கரண்ட் இல்லாததால், விடியலில் ஓட வேண்டிய மோட்டார் இன்று உச்சிவெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றடியிலிருந்து கிளம்பி, சுவர் வழியாக ஏறி, கட்டில் காலில் லேசாக அதிர்ந்தது அந்தச் சத்தம். சாப்பாட்டுக்கு வந்த மனிதர் மீன்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மனைவியின் வேலையையும் சேர்த்து வழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தாள். பின்பு அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். நல்ல மனுசன்தான். அதுதான் இதிலுள்ள பெரிய சங்கடம்.

நல்ல மனுசன் என்பதில் சந்தேகமே இல்லை. அவள் இருமினால் எந்த நேரமானாலும் எழுந்து சுக்குக் காப்பி போடுவார். அந்தியில் சாம்பிராணி போட்டு அறை முழுக்கப் புகையடித்து, புகை வெளியே போய்விடாதபடி கதவைச் சாத்துவார். மழைக்காலத்தில் அவள் மாடிப்படி ஏறக் கூடாதென்று ஈரத்துணியையெல்லாம் அவரே இந்த அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவார். ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதென்று பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தது அவர்தான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் நுரையீரலில் நீர் கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தவளை ஒரு பொட்டுக் காற்றும் தீண்டாமல் வைத்திருக்கிறார். பழுக்கவைக்கிற மாம்பழத்தை வைக்கோலுக்குள் பொதிந்து வைக்கிற மாதிரி. ஆனால் மாம்பழம் பழுக்கவில்லையே. அழுகுகிறதல்லவா. வந்த சீக்கு போய்விட்டது என்று எக்ஸ்ரே சொல்கிறது, இருமல் போகவில்லை என்று நெஞ்சு சொல்கிறது. நடுவில் டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். நெபுலைசர் மாஸ்கை முகத்தில் மாட்டிக்கொண்டாள். சின்ன மோட்டார் கட்டிலடியில் உறும, பெரிய மோட்டார் கிணற்றடியில் உறும, நடுவில் அவள் மட்டும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஓடாமல். அதைத்தான் தாங்க முடியவில்லை. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் அவள். கபடி, கோகோ, வாலிபால் எல்லாவற்றுக்கும் ஒரே டீச்சர். அவள் விசில் ஊதினால் மைதானத்தின் கடைசியில் வேப்பமரத்தடியில் புளியங்காய் தின்கிற பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வரும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கண்டக்டர்கள் தங்கள் பஸ் கிளம்புகிறதென்று திரும்பிப் பார்ப்பார்கள். “டீச்சருக்கு நெஞ்சுக்குள்ள என்ன, ஆலைச் சங்கா வச்சிருக்கு?” என்று தலைமையாசிரியை சிஸ்டர் அக்சீலியாள் ஒருமுறை கேட்டார். அதே சிஸ்டர்தான் நேற்று ஃபோனில், “டீச்சர், ஜூன்ல வாரீங்களா இல்லியான்னு நாளைக்குள்ள சொல்லிருங்கம்மா. எனக்கும் மேலிடத்துல பதில் சொல்லணும்லா. லீவு இதுக்கு மேல நீட்ட முடியாது” என்றார். பாவம், குரலில் கனிவு இருந்தது. சீக்காளியிடம் பேசுகிறவர்கள் எல்லோருடைய குரலிலும் இப்போது இந்தக் கனிவு இருக்கிறது. அவளுக்கு அதைக் கேட்டால் எரிச்சலாக வருகிறது. யாராவது ஒருவர் தன்னிடம் சண்டைக்கு வந்தால் தேவலை. விசில் இப்போது எங்கே? பீரோவுக்குள், லாக்கரில், கைக்குட்டையில் சுற்றி. தாணுமாலயன்தான் வைத்தார். “பாத்துப் பாத்து ஏங்காத. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நெஞ்சு சரியாகட்டும், பொறவு ஊதலாம்” என்று.

பீரோ. மாஸ்கின் புகைக்கு ஊடாக அதைப் பார்த்தாள். அறையின் தென்மேற்கு மூலையில், கன்னிமூலையில், கால்மாட்டில் நிற்கும் காவல்காரன் மாதிரி பச்சை இரும்பு பீரோ. இந்த வீட்டைக் கட்டும்போது தாணுமாலயன் லீவு போட்டுக் கொத்தனார் பக்கத்திலேயே குடை பிடித்து நின்றார். கன்னிமூலை கனமாக இருக்க வேண்டும், உயரமாக இருக்க வேண்டும், அடைசலாக இருக்க வேண்டும். அங்கே வாசலோ ஜன்னலோ கூடாது. அது லேசானால் குடும்பம் லேசாகிவிடும். அதனால் மேலே மொட்டை மாடியில் அதே மூலையில் தண்ணீர்த் தொட்டி, கீழே அதே மூலையில் பீரோ. பால் காய்ச்சிய அன்று நாலு பேர் பிடித்து வைத்த பீரோ. அன்றிலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்ததில்லை. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவன், “சார், பீரோவ கொஞ்சம் நகத்துனா பின்னாலயும் ஒரு கை அடிச்சிருவேன்” என்றதற்கு, “எவன் வந்து பாக்கப் போறான்? கைக்கு எட்டுனது போதும், அத அசைக்கப்பிடாது” என்றார் தாணுமாலயன். அவன் பிரஷை இடுக்கில் விட்டு எட்டின மட்டும் தடவிவிட்டுப் போனான். அன்று சுவரின் ஓரத்தில், பீரோவின் முதுகு முடிகிற இடத்தில், ஒரு மங்கலான கறையை அவள் பார்த்தாளா? பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதெல்லாம் அன்று பார்த்ததாகுமா? சீக்காளியின் ஞாபகத்தை யார் நம்புவார்கள், அவளே நம்புவதில்லை.

மணம் மட்டும் பொய்யில்லை. இந்த அறைக்கு ஒரு மணம் உண்டு. மழையில் நனைந்த சாக்கை மூட்டையாகக் கட்டி மறந்துபோனால் வருமே, அது. பட்டுச் சேலையை எடுத்து உதறினால் அது. தலையணையில் முகம் புதைத்தால் அது. “ஓத மணம் வருது” என்று சொன்னால் தாணுமாலயன் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். அவர் மூக்கு பொடி போட்டுப் போட்டு எப்போதோ செத்துவிட்டது. “எனக்கு ஒண்ணும் வரலியே” என்பார். மணக்காத மூக்கு சாட்சி சொல்ல, மணக்கிற மூக்கு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. நல்ல நியாயம். டாக்டர்கூட ஒரு தடவை கேட்டார், சும்மா எழுதிக்கொண்டே, நிமிராமல்: “வீட்டுல எங்கயாவது ஈரம், ஓதம், பூஞ்சக்காளான் உண்டா?” அவள் வாயைத் திறந்தாள். வாய் திறப்பதற்கும் சொல் வருவதற்கும் நடுவில் அவளுக்கு இப்போதெல்லாம் ஒரு மூச்சு தேவைப்படுகிறது. அந்த ஒரு மூச்சுக்குள் தாணுமாலயன் முந்திக்கொண்டார். “புது வீடு டாக்டர். நல்லா வாஸ்து பாத்துக் கட்டுனது.” டாக்டர் தலையை ஆட்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஓதம் உண்டா என்று கேட்டதற்கு வாஸ்து உண்டு என்று ஒரு பதில், அதற்கு ஒரு தலையாட்டல். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. ஏன் மூடினாள்? கபடியில் நடுவரிடமே மல்லுக்கு நின்றவள், ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் வாயை மூடினாள்?

அப்புறம் கோவில்பட்டி. சித்திரையில் தங்கச்சி வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்தாளே, அந்தக் கரிசல் வெயிலில், காய்ந்து கிடக்கிற ஊரில், மொட்டை மாடியில் பாயைப் போட்டு ஒறங்கினாளே. முதல் வாரத்திலேயே இருமல் இறங்கிவிட்டது. இரண்டாவது வாரம் தங்கச்சி பேரன் பந்தைத் தெருவில் விட்டபோது ஓடிப்போய் எடுத்து வந்தாள். எடுத்து வந்த பிறகுதான் ஓடினோம் என்பதே தெரிந்தது, நடுத்தெருவில் நின்று சிரித்தாள். “எக்கா, ஒனக்கு அந்த வீடுதான் ஆகல” என்றாள் தங்கச்சி. திரும்பி வந்து மூன்றாம் நாள் மறுபடியும் இழுப்பு. தாணுமாலயனிடம் சொன்னால், “அங்க ஒனக்கு வேலயில்ல, கவலயில்ல, மனசு லேசா இருந்துச்சு. இங்க வந்ததும் பள்ளிக்கூடத்த நெனச்சுத் தவிச்சு வெப்ராளப்படுக. எல்லாம் மனசுதான் நீலா” என்றார். எல்லாம் மனசுதான். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார், தலையைத் தடவிக்கொண்டே. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற சத்தம் பக்கத்து வீட்டு ஜாய்ஸுக்குக் கேட்கிறது, ஆனால் அது மனசு. உதடு நீலம் பாய்கிறது, மனசு. ஒருநாள் மூச்சு நின்றுபோனால் அதுவும் மனசு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போவார்களோ என்னவோ.

நெபுலைசர் மருந்து தீர்ந்து கடகடவென்று வெறுமையாய் உறிஞ்சியது. அணைத்தாள். ஒரு மோட்டார் நின்றதும் மற்றது பெரிதாகக் கேட்டது. தண்ணீர் இன்னும் விழவில்லை. தொட்டி நிறைந்தால் வழிகுழாயிலிருந்து சன்ஷேடில் சளசளவென்று விழும். அந்தச் சத்தம்தான் கணக்கு. இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அதுதான் கணக்கு. வழியாமல் நிறைந்ததாக யாரும் ஒத்துக்கொள்வதில்லை. தாணுமாலயன் இன்னும் ஒரு படி மேலே போய், விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டு, தொட்டி நிச்சயமாக நிறைந்தது என்று திருப்திப்பட்டுத்தான் அணைப்பார். விடியலில் நடக்கிற காரியம். அவள் அப்போது மாத்திரை மயக்கத்தில் கிடப்பாள், தெருவில் கோயில் ரேடியோ பாடும், குக்கர் கத்தும். சிஸ்டருக்கு ஃபோன் செய்ய வேண்டும். என்ன சொல்வது? வரவில்லை சிஸ்டர். மேலுக்கு முடியல சிஸ்டர். இதைச் சொல்லக் கொஞ்சம் மூச்சு போதும். கையில் ஃபோனை எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை, செம்மண் ஒட்டிய முட்டி, “டீச்சர் இவ கால வாருதா டீச்சர்”. வேறு யாரோ விசில் ஊதுவாள். யாரோ ஒரு சின்னப்பெண், பிளாஸ்டிக் விசில், கீச்சுக்குரல். சீ, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள். வைத்தாள்.

அப்போதுதான் தண்ணீர் விழுந்தது. சன்ஷேடில் விழுகிற சளசளப்பு கேட்டது, சரி. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்டது. வீடே ஒறங்குகிற இந்த மத்தியானத்தில், குக்கரும் ரேடியோவும் இல்லாத அமைதியில், முதல்முறையாகக் கேட்டது. பொட், பொட், பிறகு ஒரு நீளமான இழுவை, பிறகு பொட். வெளியே இல்லை, உள்ளே. பீரோவுக்குப் பின்னால். நீலாவதி எழுந்தாள். மோட்டாரை அணைக்கப் போகவில்லை. பீரோவின் இரும்பில் காதை வைத்தாள். குளிர்ந்தது. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விரல்களை நுழைத்தாள், மணிக்கட்டு வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. விரல்நுனியில் ஏதோ மிருதுவாகப் பட்டது. வெல்வெட்டைத் தொட்ட மாதிரி. வெளியே இழுத்துப் பார்த்தாள்: ஈரம், நகக்கண்ணில் ஒரு கறுப்பு. மைதானத்தில் எதிராளியின் கணுக்கால் கையில் சிக்கினால் வருமே ஒரு துள்ளல், அது வந்தது. உடனே அதன் பின்னாலேயே பயம் வந்தது. கொஞ்சம் அழுக்காக இருக்கலாம். ஒட்டடையாக இருக்கலாம். பீரோவை நகர்த்திப் பார்த்து, பின்னால் சுவர் வெள்ளையாக இருந்துவிட்டால்? அப்போது எல்லாம் மனசு என்றாகிவிடும். தாணுமாலயன் சொன்னது சரியாகிவிடும். டாக்டரின் தலையாட்டல் சரியாகிவிடும். சிஸ்டருக்கு ஃபோன் செய்ய வேண்டியதுதான். இரண்டு வருஷமாக இந்தச் சுவரை அவள் சந்தேகப்படுகிறாள், இரண்டு வருஷமாக ஒருமுறைகூட நகர்த்திப் பார்க்கவில்லை. ஏன்? கன்னிமூலைக்குப் பயந்தா? இல்லை. இப்போது, காதை இரும்பில் வைத்து நிற்கிற இந்த நேரத்தில், அது அவளுக்குத் தெரிந்தது. பார்க்காத வரையில் தான் சொல்வது உண்மையாக இருக்கும். பார்த்துவிட்டால் இரண்டில் ஒன்று. மைதானத்தில் இறங்காமல் ஓரத்தில் நின்று, இறங்கியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சொல்கிற பிள்ளைகளை அவள் எத்தனை தடவை ஏசியிருக்கிறாள்.

“டீச்சரே! தண்ணி விழுது டீச்சரே! ஒறங்கிட்டீங்களா?” ஜாய்ஸின் குரல், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. நீலாவதி ஜன்னலடிக்குப் போனாள். இடுக்கில் திணித்திருந்த வேட்டிக் கிழிசல்களைப் பிடுங்கிப் போட்டாள். கொண்டி துருவில் பிடித்திருந்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள், இன்னொரு அடி, திறந்துகொண்டது. வெயிலும் காற்றும் பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடிவருகிற மாதிரி உள்ளே விழுந்தன. “ஜாய்ஸ்” என்றாள், குரல் வரவில்லை, கையைத் தட்டிக் கூப்பிட்டாள். “இஞ்ச வா. பீரோவத் தள்ளணும்.”

வந்தவள் வாசற்படியிலேயே மலைத்து நின்றாள். மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், கைகாரி. “அய்யோ டீச்சர், கன்னிமூலையில உள்ளதல்லா? சார் வந்து ஏசமாட்டாரா?”

“ஏசட்டும். ஏசுறதுக்கு அவருக்கு மூச்சு இருக்கு.”

“இல்ல டீச்சர், நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான். ஆனாலும் கன்னிமூலை எல்லாருக்கும் கன்னிமூலைதான? எங்க வீட்டுலயும் அங்கதான் வச்சிருக்கு.”

“அப்ப முதல்ல இத நகத்துவோம். பொறவு ஒன் வீட்டுக்குப் போவோம்.” இதைச் சொல்லி முடிக்க அவள் நடுவில் இரண்டு தரம் நிற்க வேண்டியிருந்தது. ஜாய்ஸ் சிரித்துவிட்டாள். சீக்காளியிடம் பேசுகிற கனிவு அவள் முகத்திலிருந்து போய்விட்டதை நீலாவதி கவனித்தாள். அதுவே பாதி மருந்து.

தாக்கோலைப் போட்டுத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டார்கள். முகூர்த்தப் பட்டு, நாத்தனார் எடுத்துக் கொடுத்த பட்டு, சட்டைத்துணி, சால்வை, சால்வை, இன்னும் சால்வை. ரிட்டயர்டாகிற மனிதர்களுக்குப் போர்த்துகிற சால்வைகள் இந்த வீட்டில் ஏன் இவ்வளவு சேர்ந்தன என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் அந்த மணம். லாக்கரில் கைக்குட்டை. பிரித்தாள். எவர்சில்வர் விசில் பளிச்சென்று இருந்தது. அதன் கறுப்புக் கயிறு மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது, பஞ்சு ஒட்டின மாதிரி. அதை விரலால் தொட்டதும் தூசியாகப் பறந்தது. நீலாவதி கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என் நெஞ்சுக்குள்ளும் இப்படித்தானே பூத்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அழுகை வரும் போலிருந்தது, இழுப்பு வரும் போலிருந்தது, எது முந்தும் என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை, கோபம் வந்தது. நல்ல, கனத்த, பழைய மைதானத்துக் கோபம். துப்பட்டாவை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். ஜாய்ஸ் சாக்கை மடித்துப் பீரோவின் முன்கால்களுக்கு அடியில் செருகினாள். “டீச்சர் நீங்க தள்ளாதீங்க, தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கிடுகேன்.” கேட்கவில்லை. “ஒண்ணு, ரெண்டு” என்று சொல்ல மூச்சில்லாமல் கையால் எண்ணிக் காட்டினாள். மூன்றில் இழுத்தார்கள். பீரோ ஒரு கத்துக் கத்தியது. பின்பு ஒரு கதவு திறப்பது போல் பையத் திரும்பிக் கொடுத்தது.

சுவர் வெள்ளையாக இல்லை. பீரோவின் தலைமட்டத்திலிருந்து தரை வரைக்கும், அதன் அகலத்துக்கு அச்சாக, கறுப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து தொங்கியது. அதன் நடுவே தண்ணீர் ஒரு கோடாக இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், தன் வீடு மாதிரி. பீரோவின் முதுகுத்தகடு அடையடையாகத் துருப்பிடித்து, அதன் மேலும் ரோமம் மாதிரிப் படர்ந்திருந்தது. வாஸ்து சொன்னது ஒரு விதத்தில் சரிதான். இந்த மூலை கனமாகத்தான் இருந்திருக்கிறது. மேலே தொட்டியின் விளிம்பில் எங்கோ விரிசல் இருக்க வேண்டும், நிறைந்து வழிகிறதில் பாதி இந்தச் சுவருக்கு. மழையே பெய்யாத மாசியிலும் பங்குனியிலும் இந்த மூலைக்கு மட்டும் விடாத மழை. அதற்குக் குளிரும் காற்றும் படாமல் பீரோவைப் போர்த்தி, ஜன்னலை அடைத்து, ஈரத்துணி காயப்போட்டு, கண்ணை இமை காப்பதுபோல் காத்து வளர்த்திருக்கிறார் தாணுமாலயன். அவளுக்குக் காட்டிய பரிவெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். “மாதாவே” என்றாள் ஜாய்ஸ், முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு. நீலாவதி துப்பட்டாவுக்குள் சிரித்தாள். சந்தோஷமாக இருந்தது. தன் வீட்டுச் சுவர் அழுகிக் கிடப்பதைப் பார்த்து ஒரு பொம்பிளை சந்தோஷப்படுவாளா? பட்டாள். நான் பொய் சொல்லவில்லை. என் நெஞ்சு பொய் சொல்லவில்லை. பைத்தியம் இல்லை, பாசாங்கு இல்லை, வெப்ராளம் இல்லை. இதோ, கறுப்பாக, பச்சையாக, என்னைவிட நெட்டையாக நிற்கிறது. அந்தச் சந்தோஷத்தோடேயே இருமல் வந்தது, மடித்துப் போட்டது. ஜாய்ஸ் தோளைப் பிடித்து அவளை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள். இழுக்கப்படும்போதும் அவள் கை மூடியிருந்தது, விசில் அதற்குள் இருந்தது.

ஹால் ஜன்னலடியில் நாற்காலி. இன்ஹேலர். வெந்நீர். ஜாய்ஸ் அடுப்பில் வைத்த சின்னப் பாத்திரத்தில் விசில் கொதித்துக்கொண்டு கடகடத்தது. பூத்த கயிற்றை அறுத்து எறிந்தாயிற்று. இது மட்டும்தான் காரணமா? அது அவளுக்குத் தெரியாது. இந்தச் சுவரைச் சுரண்டிப் பூசிவிட்டால் மறுநாளே கபடி ஆடிவிடலாம் என்று நம்புகிற அளவுக்கு அவள் குழந்தை இல்லை. பழுதான நெஞ்சு பழுதானதுதான். மருந்து வேண்டும், நாள் வேண்டும், டாக்டரிடம் இன்னொரு தரம் போக வேண்டும், இந்த முறை அவள் தனியாக. ஆனால் ஒன்று தெரியும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நிறையவில்லையே என்று பானையை ஏசிக்கொண்டிருந்தார்கள் இத்தனை நாளும்; இனி யாரும் பானையை ஏச முடியாது. ஃபோனை எடுத்தாள். “சிஸ்டர்” என்றாள். ஒரு மூச்சு. “ஜூன்ல வாரேன்.” இன்னொரு மூச்சு. அந்தப் பக்கம் சிஸ்டர் ஏதோ கேட்டார். “இல்ல சிஸ்டர், ஓட மாட்டேன். நாற்காலி போட்டு உக்காந்து வெரட்டுவேன். ஓடுறதுக்குத்தான் பிள்ளைங்க இருக்காங்கல்லா?” சிஸ்டர் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பில் கனிவு கொஞ்சம்கூட இல்லை. வாழ்க.

வெயில் தாழ்ந்தபோது வண்டிச் சத்தம் வந்தது. தாணுமாலயன் உள்ளே நுழைந்து, ஜாய்ஸ் ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்த மெத்தையைப் பார்த்து, சேலைக் குவியலைப் பார்த்து, அறைக் கதவைத் திறந்தார். “கன்னிமூலையில இருந்தா பீரோவ நகத்துன?” என்றார். அவர் கண்ணில் முதலில் பட்டது கறுத்த சுவர் அல்ல, பீரோ இல்லாத மூலை. நீலாவதி எழுந்தாள். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் வலதுகையைப் பிடித்தாள். தினமும் தலையைத் தடவுகிற கை. அதை விரித்துச் சுவரில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள்.

“இஞ்ச பாருங்க” என்றாள். “இதுவும் மனசுதானா?”

அவர் கையை எடுத்துப் பார்த்தார். கறுப்பும் ஈரமும், ஐந்து விரலிலும். மூக்கருகே கொண்டுபோனார்; அந்தச் செத்த மூக்குக்கும் ஏதோ எட்டியிருக்க வேண்டும், முகம் சுருங்கியது. “இவ்வளவு நாளும் இதுக்குப் பக்கத்துலயா ஒன்னப் படுக்கப் போட்டிருந்தேன்” என்றார், சுவரிடம் கேட்கிற மாதிரி. அவளுக்குப் பாவமாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் இந்தச் சுவர் இந்த உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. சாயங்காலக் காற்று உள்ளே வீசவும், பழக்கதோஷத்தில் அவர் ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினார். “அது தொறந்தே கெடக்கட்டும்” என்றாள். கை நின்றது. பிறகு அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

நீலாவதி முற்றத்துக்கு வந்து நின்றாள். மொட்டை மாடியில், தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, எங்கே விரிசல் என்று தேடிக்கொண்டிருந்தார் அவர். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல் அந்தப் பக்கம் இருக்க வழியில்லை; தண்ணீர் இறங்கியது தொட்டிக்குப் பின்னால், மூலைச் சுவரோடு. கூப்பிடலாம் என்று பார்த்தாள். அவ்வளவு உயரத்துக்குக் குரல் போகாது. கையிலிருந்த விசிலை உதட்டில் வைத்தாள். முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது, எச்சில் சத்தத்தோடு. மதிலுக்கு மேல் ஜாய்ஸின் தலை தெரிந்தது, வேண்டாம் டீச்சர் என்று கையை ஆட்டியது. நீலாவதி வயிற்றிலிருந்து, இடுப்பிலிருந்து, எங்கெங்கோ மிச்சமிருந்ததையெல்லாம் சேர்த்து மறுபடியும் ஊதினாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கிற சத்தமில்லை அது. தெருமுனைக்குக்கூடக் கேட்டிருக்காது. மாடியில் நின்ற மனுசன் திரும்பிப் பார்த்தார். அவள் கையை நீட்டிக் கன்னிமூலையைக் காட்டினாள்.